முதலாம் ஆண்டு இன்ஜினியரிங்: எந்த பிராஞ்ச் எடுத்தாலும் டிராயிங், கெமிஸ்ட்ரி, ஒர்க்‌ஷாப் எதற்கு?

வந்தவாசிப்_பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு இணைப்புக் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) முதலாம் ஆண்டு படிக்கிறேன், ஹாஸ்டல். எங்களுக்கு 2021 ரெகுலேஷன், அதாவது அந்த வருடப் பாடத்திட்டமும் தேர்வு விதிகளும். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

முதல் செமஸ்டரில் மேட்ரிக்ஸ் அண்ட் கால்குலஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பைத்தான், இங்கிலீஷ், தமிழர் மரபு இருந்தது. எல்லாம் பாஸ் ஆகிவிட்டேன். ஆனால் எப்படிப் பாஸ் ஆனேன் என்று யோசித்தால் நிம்மதியாக இல்லை. பள்ளியில் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்போம், அதுவே தேர்வில் வரும். இங்கேயும் அதையேதான் செய்தேன். ஐகன் வேல்யூ கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அது எதற்கு என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

இப்போது இரண்டாவது செமஸ்டர், இன்ஜினியரிங் கிராபிக்ஸ் வந்துவிட்டது. இதில் மனப்பாடம் செல்லாது. "அறுகோணப் பட்டகம் ஒன்று அடிப்பக்கத்தின் ஒரு விளிம்பில் நிற்கிறது, அச்சு எச்.பி.க்கு (கிடைமட்டத் தளத்துக்கு) 45 டிகிரி சாய்ந்திருக்கிறது" என்று கேள்வி ஆரம்பிக்கும்போதே எனக்கு மனதில் எதுவும் தெரிவதில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவள் கோடு போட ஆரம்பித்துவிடுகிறாள். சார் நன்றாகத்தான் நடத்துகிறார், ஆனால் இங்கிலீஷில் வேகமாகப் போகும்போது ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த கோடு போர்டில் வந்துவிடுகிறது.

இசிஇ படிப்பவர்களுக்கு இந்த டிராயிங் எல்லாம் உண்மையிலேயே தேவையா? தேவை என்றால், மனதில் உருவம் வராதவர்கள் அதை எப்படி வரவழைப்பது? அண்ணன்கள், அக்காக்கள் யாராவது சொல்லுங்கள்.

கிரோம்பேட்டை_லோக்கல் (மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு)

தங்கச்சி, மனதில் உருவம் வரவில்லை என்றால் மனதை விட்டுவிடு, கையில் எடுத்துக்கொள். கடையில் ஒரு பார் சோப்பு வாங்கி, கத்தியால் அறுகோணப் பட்டகமாகச் செதுக்கு. அளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்றில்லை. மேல் மூலைகளில் 1 முதல் 6 வரை, கீழ் மூலைகளில் வேறு எழுத்து என்று பேனாவால் எழுதிவிடு.

இப்போது ஒரு நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தை மேசையில் படுக்க வை, இன்னொரு பக்கத்தைச் சுவர் மாதிரி நிமிர்த்திப் பிடி. கிடக்கும் பக்கம் எச்.பி., நிற்கும் பக்கம் வி.பி., நடு மடிப்புதான் எக்ஸ்-ஒய் கோடு. சோப்பை நடுவில் வை. முன்னால் இருந்து பார்ப்பது பின்னால் நிற்கும் பக்கத்தில் விழும், அது எலிவேஷன். மேலிருந்து பார்ப்பது கிடக்கும் பக்கத்தில் விழும், அது பிளான். சோப்பை எடுத்துவிட்டுக் கிடக்கும் பக்கத்தை மடிப்போடு பிடித்துக் கீழே இறக்கு. இரண்டு பக்கமும் ஒரே தாளாகிவிடும், பிளான் தானாக எக்ஸ்-ஒய்க்குக் கீழே வந்து நிற்கும். ஃபர்ஸ்ட் ஆங்கிள் என்பது இவ்வளவுதான். "எலிவேஷன் மேலே, பிளான் கீழே" என்று மனப்பாடம் செய்தவனுக்கு, பிளான் மேலே வரும் தேர்டு ஆங்கிள் வந்தால் கை நின்றுவிடும். நோட்டை ஒரு தடவை மடித்துப் பார்த்தவனுக்கு நிற்காது.

சாய்ந்த பட்டகத்தை ஒரே அடியில் வரையப் பார்க்காதே. முதலில் நேராக நிற்கிற மாதிரி பிளான், எலிவேஷன் போடு. அடுத்து அதே எலிவேஷனைக் கேட்ட கோணத்துக்குச் சாய்த்துப் பக்கத்தில் வரை. சாய்ந்த படத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் கீழே ஒரு மெல்லிய கோடு இறக்கு, பழைய பிளானின் மூலையிலிருந்து பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு இழு. ஒரே எண் உள்ள கோடுகள் வெட்டுகிற இடம் புது மூலை. எந்த விளிம்பு மறைந்து புள்ளிக்கோடாகும் என்ற சந்தேகம் வந்தால் சோப்பை அதே கோணத்தில் சாய்த்து மேலிருந்து பார்.

அப்புறம் டிராப்டர், அதாவது போர்டில் மாட்டி இரண்டு ஸ்கேலோடு கோடு போடும் கருவி. ஷீட்டை ஒட்டிய பிறகு ஸ்கேலைத் தாளின் ஓரத்தோடு சேர்த்துப் பார்த்து, கிளாம்ப்பை நன்றாக முடுக்கு. கிளாம்ப் பாதியில் நழுவினால் இரண்டு ஸ்கேலுக்கும் நடுவில் 90 டிகிரி அப்படியே இருக்கும், அதனால் தப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்கு முன்னால் போட்ட கோடும் பின்னால் போட்ட கோடும் ஒன்றோடொன்று சேராது. மெல்லிய கோட்டுக்கு 2எச் பென்சில், உருவத்தின் ஓரத்துக்கு எச் பென்சில், எழுத்துக்கு எச்பி (HB) பென்சில். மூன்றையும் கூராக வைத்துக்கொண்டு உட்கார்.

ஓஎம்ஆர்_வாசி

எல்லாரும் டிராயிங் எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுப்பீர்கள். அந்தப் பொண்ணு முதலில் கேட்டது தேவையா என்று. நான் சொல்கிறேன், இவ்வளவு தேவையில்லை.

நான் சாஃப்ட்வேரில் இருக்கிறேன். நான்கு வருடப் படிப்பில் முதல் வருடத்தில் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே பாடம். இசிஇ சேர்ந்த பொண்ணுக்கு முதல் வருடத்தில் தன் துறைக்கு ஒதுக்கக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கிறது. ஷீட் போடுவது, லேப் அப்சர்வேஷன் நோட்டில் எழுதியதையே ரெக்கார்டு நோட்டில் மறுபடி அழகாக எழுதுவது, அதற்குக் கையெழுத்து வாங்க ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்பது என்றே சாயங்காலங்கள் போய்விடுகின்றன. கம்ப்யூட்டரில் வரையும் கேட் (CAD) மென்பொருளில் மூன்று பரிமாணத்தில் வரைந்தால் பிளானும் எலிவேஷனும் தானாக வரும் காலத்தில் ஏ2 தாளில் பென்சிலோடு போராட வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

முதல் வருடத்தில் உண்மையிலேயே எல்லாருக்கும் வேண்டியது பைத்தான்தான். ஆனால் அதையும் பையன்கள் புரோகிராமை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதுகிறார்கள். தங்கச்சி, ஒன்று மட்டும் செய். எந்த புரோகிராமாக இருந்தாலும் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் தாளில் ஓட்டிப் பார். இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக்காரணி என்றால் 48, 18 என்று எடுத்துக்கொள். 48ஐ 18ஆல் வகுத்தால் மீதி 12. பிறகு 18ஐ 12ஆல், மீதி 6. பிறகு 12ஐ 6ஆல், மீதி 0. விடை 6. ஒவ்வொரு சுற்றிலும் எந்த மாறியில் எந்த எண் இருக்கிறது என்று கட்டம் போட்டு எழுது. வேலைக்கு வரும் புதுப் பிள்ளைகளில் இதைச் செய்யத் தெரிந்தவர்களைத்தான் தேடிக்கொண்டே இருக்கிறோம்.

அம்பத்தூர்_லேத்

ஓஎம்ஆர் தம்பி, ரெக்கார்டு எழுதுவதைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதை நான் மறுக்கவில்லை. டிராயிங் விஷயத்தில் மட்டும் நான் பேசியாக வேண்டும், ஏனென்றால் என் பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். எங்களிடம் டிராயிங் வந்தால் அளவுகளைப் பார்ப்பதற்கு முன்னால் டைட்டில் பிளாக்கில், அதாவது தாளின் மூலையில் விவரம் எழுதும் கட்டத்தில், இருக்கிற அந்தச் சின்னக் குறியைப் பார்ப்போம். நுனி வெட்டிய கூம்பும் பக்கத்தில் இரண்டு வட்டமும். உள்ளூர் கஸ்டமர் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஆங்கிள், அமெரிக்காவுக்குப் போகிற பாகம் என்றால் தேர்டு ஆங்கிள். குறியைக் கவனிக்காமல் ஜாபைக் கட்டினால் இடதுபக்கம் வர வேண்டிய ஓட்டை வலதுபக்கம் வரும். பாகம் பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஆனால் பொருந்தாது. அப்புறம் அது பழைய இரும்புதான்.

கம்ப்யூட்டரில் தானாக வருவது உண்மை. நாங்களும் அதில்தான் வாங்குகிறோம். ஆனால் தானாக வந்த படம் சரியா தப்பா என்று சொல்ல ஒருவர் வேண்டும். எங்களிடம் வேலைக்கு வரும் பி.இ. பிள்ளைகளிடம் ஒரு பாகத்தைக் கையில் கொடுத்து, வெறும் பேப்பரில் மூன்று பக்கமும் வரையச் சொல்வேன். ஸ்கேல் கூட வேண்டாம். மென்பொருள் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளும் இதில் திணறுகிறார்கள்.

இசிஇக்கு எதற்கு என்று மகள் கேட்டாள். நீ நாளைக்கு ஒரு சர்க்யூட் போர்டு டிசைன் செய்வாய். அதை ஒரு பெட்டிக்குள் வைக்க வேண்டும். கனெக்டர் வெளியே வர ஓட்டை, சூடு இறங்க ஹீட் சிங்க், போர்டை முடுக்க நான்கு ஸ்க்ரூ. அந்தப் பெட்டியின் டிராயிங் என் மாதிரி ஆளிடம்தான் வரும். உனக்குப் படம் படிக்கத் தெரியாவிட்டால் நீயும் நானும் போனில் மணிக்கணக்கில் பேசியும் ஒரு முடிவுக்கு வர முடியாது.

கணக்கு_டீச்சர்

ஒரு தனியார் கல்லூரியில் முதலாம் ஆண்டு கணிதம் எடுக்கிறேன். வந்தவாசிப் பொண்ணு எழுதியதில் என் மனதில் தைத்தது ஐகன் வேல்யூ பற்றிய வரிதான். அது மாணவி கேட்க வேண்டிய கேள்வி. பதில் சொல்ல வேண்டியது எங்களைப் போன்றவர்கள். போர்ஷனை முடிக்கும் அவசரத்தில் அதை விட்டுவிடுகிறோம் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஒரு சின்ன மேட்ரிக்ஸ் எடுத்துக்கொள் அம்மா. முதல் வரிசை 2, 1. இரண்டாவது வரிசை 1, 2. வரைபடத் தாளில் பல திசைகளில் அம்புகள் போட்டு, ஒவ்வொன்றையும் இந்த மேட்ரிக்ஸால் பெருக்கிப் பார். (1, 0) என்ற அம்பு (2, 1) ஆகிறது, திசை திரும்பிவிட்டது. (1, 1) என்ற அம்பு (3, 3) ஆகிறது, திசை அப்படியே இருக்கிறது, நீளம் மட்டும் 3 மடங்கு. (1, -1) என்பது (1, -1) ஆகவே இருக்கிறது. திரும்பாத அந்த இரண்டு திசைகள்தான் ஐகன் வெக்டர். 3, 1 என்பவை ஐகன் வேல்யூ. ஒரு கட்டடமோ பாலமோ எந்தெந்த வேகத்தில் இயல்பாக அதிரும் என்று கணக்கிடும்போது சிவில்காரர் இதைத்தான் தேடுகிறார். நீ பின்னால் சிக்னல் படிக்கும்போதும் கன்ட்ரோல் சிஸ்டம் படிக்கும்போதும் இது திரும்ப வரும்.

அதே மேட்ரிக்ஸில் கெய்லி-ஹாமில்டன் தேற்றத்தையும் பார்த்துவிடு. அதன் சமன்பாடு லாம்டா வர்க்கம் கழித்தல் 4 லாம்டா கூட்டல் 3, சமம் 0. லாம்டா இருக்கும் இடத்தில் மேட்ரிக்ஸையே போடு, 3க்குப் பக்கத்தில் ஐடென்டிட்டி மேட்ரிக்ஸ். எல்லாக் கட்டமும் பூஜ்யம் ஆகும். அதிலிருந்து இன்வர்ஸ் இரண்டே வரியில் கிடைக்கும். ஒரு தடவை உன் கையால் பெருக்கிப் பார்த்தால் தேற்றத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது.

இங்கிலீஷ் வேகம் பற்றி. தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை, காது பழகவில்லை. அவ்வளவுதான். நாளைக்கு என்ன நடத்தப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு அந்தப் பக்கங்களை முந்தின ராத்திரியே மெதுவாகப் படித்துவிட்டு வகுப்புக்குப் போ. தெரிந்த விஷயத்தை வேகமாகச் சொன்னாலும் காது பிடித்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் தமிழிலேயே எழுந்து கேள். என் வகுப்பில் தமிழில் கேட்கும் பிள்ளைகளின் கேள்விகள்தான் பெரும்பாலும் பாடத்தின் மையத்தைத் தொடும். இதே அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010லேயே சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கினார்கள். பொறியியலைத் தமிழில் யோசிக்கலாமா என்று யாரும் தயங்க வேண்டியதில்லை.

ஓஎம்ஆர்_வாசி

அம்பத்தூர் அண்ணா, பெட்டி உதாரணம் நியாயமானது, ஏற்றுக்கொள்கிறேன். படம் படிக்கத் தெரிய வேண்டும். ஆனால் படிக்கத் தெரிவதற்கு நீங்கள் சொன்ன மாதிரி வெறும் பேப்பரில் கையால் வரைந்து பழகினால் போதுமே. சைக்ளாய்டு, இன்வல்யூட் மாதிரி வளைவுகள் எல்லா பிராஞ்சுக்கும் வேண்டுமா? பல்சக்கரத்தின் பல்லுக்கு இன்வல்யூட் வளைவு என்பது மெக்கானிக்கலுக்குச் சரி. மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் பாதியை எடுத்துக் கையால் வரைவதற்கும் மீதியை மென்பொருளுக்கும் கொடுக்கலாம் என்பதுதான் என் கருத்து. அதிலிருந்து நான் மாறவில்லை.

வேளச்சேரி_சிவில்

டிராயிங்கைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். தலைப்பில் கெமிஸ்ட்ரியும் இருக்கிறது.

முதல் யூனிட்டே தண்ணீர்தான். நம் ஊரில் போர் தண்ணீர் குடித்து, குளித்து, அதில் துணி துவைத்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாடத்தைத் தனியாக விளக்க வேண்டுமா? பக்கெட்டின் ஓரத்திலும் ஹீட்டர் காயிலிலும் படியும் வெள்ளைப் படிவம்தான் பாய்லரில் படிந்தால் வெப்பத்தைத் தடுத்து எரிபொருளைத் தின்கிறது. லேபில் தண்ணீரின் கடினத்தன்மையை அளக்க இடிடிஏ டைட்ரேஷன் செய்வீர்கள், ஒயின் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும். கொடுத்த சாம்பிளோடு நிறுத்தாமல், லேபில் அனுமதி கேட்டு உங்கள் ஹாஸ்டல் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோய்ச் செய்து பாருங்கள். வரும் எண் எங்கோ யாருக்கோ உரியது அல்ல, நீங்கள் தினமும் குளிக்கும் தண்ணீருடையது.

அந்த யூனிட்டிலேயே ரிவர்ஸ் ஆஸ்மாஸிஸ் வரும், அதாவது தண்ணீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிப்பது. மீஞ்சூர் ஆலை 2010லும் நெம்மேலி ஆலை 2013லும் தொடங்கின. இரண்டும் தலா ஒரு நாளைக்குக் கடல்நீரிலிருந்து 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் அளவுக்குக் கட்டப்பட்டவை. பாடத்தில் இருக்கும் அந்தச் சவ்வு வழியாக வந்த தண்ணீர்தான் இந்த நகரத்தின் பல வீடுகளுக்குப் போகிறது. நான் தண்ணீர் சுத்திகரிப்புத் துறையில் இருக்கிறேன். எங்கள் டீமில் சிவில், கெமிக்கல், மெக்கானிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் எல்லாரும் ஒரே மேசையில் உட்காருகிறோம். பம்ப் ஆள் அழுத்தம் பற்றிப் பேசுவார், கெமிஸ்ட் படிவம் பற்றிப் பேசுவார், எலக்ட்ரானிக்ஸ் ஆள் சென்சார் பற்றிப் பேசுவார். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரிவது முதலாம் ஆண்டுப் பாடத்தால்தான்.

மட்டுறுத்துநர்

ஒரு பதிவில் கல்லூரியின் பெயரும் ஆசிரியரின் பெயரும் இருந்ததால் எடுத்துவிட்டோம். குறை இருந்தால் பெயர் இல்லாமல் எழுதுங்கள்.

திருவல்லிக்கேணி_மேன்ஷன்

காசு விஷயத்தை யாரும் சொல்லவில்லை, முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அதுவும் படிப்பில் ஒரு பாதி. தங்கச்சி, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உனக்கு வர வேண்டும். 2022ல் தொடங்கியது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் கல்விக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசே கட்டும். அப்படியும் உன்னிடம் காசு கேட்டால் சும்மா கட்டிவிடாதே, எழுத்தில் கேள்.

புத்தகம் புதிதாக வாங்காதே. எங்கள் பக்கம் பைகிராஃப்ட்ஸ் ரோடு பழைய புத்தகக் கடைகளில் முதலாம் ஆண்டுப் புத்தகம் கிடைக்கும். டிராப்டரையும் சீனியர்களிடமே கேள், முதல் வருடத்தோடு பலருக்கு அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். படிக்க அமைதியான இடம் வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போ. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது.

மார்க் கணக்கும் தெரிந்து வைத்துக்கொள். உன் ரெகுலேஷனில் தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் எக்ஸாம் 60. மொத்தத்தில் 50 வேண்டும், செமஸ்டர் எக்ஸாமில் தனியாக 45 சதவீதமும் வேண்டும். இன்டர்னல் நிறைய இருக்கிறது என்று நம்பிக் கடைசியில் விட்டுவிட்டு அரியர் வைத்தவர்கள் எங்கள் மேன்ஷனில் நிறையப் பேர்.

வந்தவாசிப்_பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

சோப்பு செதுக்கினேன். ரூமில் மூன்று பேரும் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கிரோம்பேட்டை அண்ணா, நோட்டை மடிக்கும்போது பிளான் கீழே இறங்கியதைப் பார்த்த உடனே எனக்குள் ஏதோ திறந்த மாதிரி இருந்தது. அறுகோணப் பட்டகம் இப்போது வருகிறது, நேரம் மட்டும் அதிகம் ஆகிறது. டீச்சர், அம்புகளையும் போட்டுப் பார்த்தேன். (1, 1) திரும்பவே இல்லை. இதை ஏன் முதல் நாளே யாரும் காட்டவில்லை என்று கோபம்தான் வருகிறது.

ஒர்க்‌ஷாப்பில் இந்த வாரம் ஸ்டேர்கேஸ் வயரிங். இரண்டு டூ-வே ஸ்விட்ச் வைத்துக் கீழே போட்ட விளக்கை மேலே அணைத்தோம். இதுவரை செய்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அடுத்த வாரம் ஷீட் மெட்டல், டிராயிங்கில் டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேசஸ். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று மாஸ்டர் சொன்னார். கூம்பை விரித்தால் ஏன் முழு வட்டம் வராமல் விசிறி மாதிரி வருகிறது?

அம்பத்தூர்_லேத்

சம்பந்தம் என்ன, இரண்டும் ஒரே வேலைதான் மகளே. புனல், பக்கெட், ஏசி டக்ட் எல்லாமே முதலில் தட்டையான தகடு. அதை எந்த வடிவத்தில் வெட்டினால் மடக்கும்போது சரியாகச் சேரும் என்று கண்டுபிடிப்பதுதான் டெவலப்மென்ட். சிலிண்டர் சுலபம், 50 மில்லிமீட்டர் விட்டம் என்றால் தகட்டின் நீளம் பை பெருக்கல் 50, சுமார் 157. அதற்கு மேல் ஓரத்தை மடித்துச் சேர்க்க இடம் விட வேண்டும். டிராயிங் ஷீட்டில் அதைக் கேட்க மாட்டார்கள், ஒர்க்‌ஷாப்பில் விடாமல் வெட்டினால் தகடு பத்தாது.

கூம்புக்கு அடி வட்டத்தின் ஆரம் 25, உயரம் 60 என்று வைத்துக்கொள். சாய்வு உயரம் 65. விரித்தால் 65 ஆரம் உள்ள வட்டத்தின் ஒரு துண்டு கிடைக்கும், அந்தத் துண்டின் வளைந்த ஓரம் அடி வட்டத்தின் சுற்றளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். 65 ஆரம் உள்ள முழு வட்டத்தின் சுற்றளவு அதைவிடப் பெரிது, அதனால்தான் விசிறி. கோணம் 360 பெருக்கல் 25 வகுத்தல் 65.

வந்தவாசிப்_பொண்ணு

138.5 டிகிரி வருகிறது. சார்ட் பேப்பரில் வெட்டிச் சுருட்டினேன், அடி வட்டம் சரியாக 50 இருக்கிறது! மேல் நுனியை வெட்டிவிட்டால் எப்படி? பக்கெட் மாதிரி.

கிரோம்பேட்டை_லோக்கல்

அடிக்கு இணையாக வெட்டினால் கோணம் அதே 138.5தான். நுனியிலிருந்து வெட்டிய இடம் வரை உள்ள சாய்வு நீளத்தை ஆரமாக வைத்து உள்ளே இன்னொரு வில் போடு, முடிந்தது. பரீட்சையில் பெரும்பாலும் சாய்வாக வெட்டச் சொல்வார்கள். அப்போது அடி வட்டத்தை எட்டாகப் பிரித்துக்கொண்டு நுனியிலிருந்து எட்டுக் கோடுகள் போடு. எலிவேஷனில் ஓரத்தில் இருக்கும் கோட்டுக்கு மட்டும்தான் உண்மை நீளம் தெரியும், நடுவில் இருப்பவை எல்லாம் குட்டையாகத் தெரியும். அதனால் வெட்டுப்புள்ளிகளைக் கிடைமட்டமாக ஓரக் கோட்டுக்குக் கொண்டுபோய், அங்கே நுனியிலிருந்து அளந்து, விசிறியில் குறி. நாளைக்குச் சாயங்காலம் ஒரு ஷீட் போட்டுப் படம் எடுத்து இங்கேயே ஏற்று, பார்த்துச் சொல்கிறேன்.